புகைபோக்கியும் கூரையும் சந்திக்கும் இடம்

குன்னூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியேறிய முதல் ஐப்பசியிலேயே, என் அம்மா படுத்திருந்த அறையின் உட்கூரைப் பலகையில் ஒரு கறை தோன்றியது. உள்ளங்கை அளவுதான் இருக்கும்; தேநீர் நிறம். மறுநாள் அது சாப்பாட்டுத் தட்டின் அளவு ஆயிற்று. அதற்கடுத்த நாள் சொட்டத் தொடங்கிற்று. அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஈரம் படிந்த அறையில் அவரைப் படுக்கவைக்க முடியாது. கட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டுவிட்டு, சொட்டும் இடத்தில் ஒரு வாளியை வைத்தோம். அந்த வாளி மூன்று மழைக்காலங்கள் அங்கேயே இருந்தது என்பதை, இயற்பியல் கற்பிக்கும் நான் சற்று வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

சமவெளியில் வாழும் மாணவர்களுக்குப் புகைபோக்கி என்றதும் செங்கல் சூளையோ அரிசி ஆலையோ நினைவுக்கு வரலாம். நீலகிரியின் பழைய வீடுகளில் அது வீட்டின் ஓர் உறுப்பு. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் தம் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் மலையேறி வந்த ஆங்கிலேயர்களும் தங்கள் நாட்டு வீடுகளைப் போன்றே இங்கும் கட்டிக்கொண்டார்கள். குளிர்காயக் கணப்பு, அதன் புகை வெளியேறச் செங்கற் புகைபோக்கி. இன்று பல வீடுகளில் கணப்பை மூட்டுவதில்லை. புகைபோக்கி மட்டும் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டுக் கூரை நாகம் பூசிய இரும்பு நெளி தகட்டால் ஆனது.

கூரையில் ஒரு துளை. அதன் வழியே ஒரு செங்கல் தூண். தூணுக்கும் கூரைக்கும் இடையே நான்கு புறமும் ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியாக மழைநீர் இறங்காமல் தடுப்பது எப்படி? கேள்வி இவ்வளவுதான்.

முதல் ஆண்டு வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரை அனுப்பினார். அவர் சந்தைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையைச் சாய்வாகப் பூசி, வழவழவென்று தேய்த்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாசி மாதம் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே தலைமுடி அளவில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. இரண்டாம் ஆண்டு, தாரைக் காய்ச்சிச் சாக்குத் துணியோடு சேர்த்து ஒட்டினார்கள். அது கோடையில் இளகி வழிந்தது; மார்கழிக் குளிரில் இறுகி வெடித்தது. மூன்றாம் ஆண்டு நானே கடைக்குப் போய் சிலிக்கான் பசைக் குழாய் வாங்கி வந்து, விஞ்ஞானம் தெரிந்தவன் என்ற மிடுக்குடன் அடைத்தேன். பசை நல்ல பசைதான். ஆனால் அது புகைக்கரியும் பாசியும் படிந்த செங்கல்லின் தூசியில் ஒட்டியதே தவிர, செங்கல்லில் ஒட்டவில்லை. ஐப்பசியில் வாழைத்தோல் போல உரிந்து வந்தது.

அடைப்பு ஏன் நிற்பதில்லை?

மூன்று மருந்துகளும் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றே. கூரையையும் புகைபோக்கியையும் ஒட்டி ஒரே உடலாக்கிவிட வேண்டும் என்பதுதான் அது. அவை ஒரே உடலாக இருக்கச் சம்மதிக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலையில் மார்கழி இரவுகளில் தகட்டின் வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது என்று கொள்வோம். மறுநாள் மேகமற்ற நண்பகலில் அதே தகடு 53 டிகிரிக்கு ஏறுகிறது. வேறுபாடு 45 டிகிரி. இரும்பின் நீள்விரிவு எண், டிகிரி ஒன்றுக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. எட்டடித் தகடு ஏறத்தாழ 2,400 மி.மீ. நீளம். மூன்றையும் பெருக்கினால் 1.3 மி.மீ. வருகிறது. செங்கல்லின் விரிவு எண் இதில் ஏறத்தாழப் பாதி. அது தடித்த பொருள் ஆனதால் தகட்டைப் போல வேகமாகச் சூடாவதும் இல்லை. ஆகவே தகடு நகரும்போது புகைபோக்கி அநேகமாகச் சும்மா நிற்கிறது. போதாததற்குத் தகட்டைத் தாங்கும் கைமரங்கள் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகின்றன. புகைபோக்கிக்குத் தனி அடித்தளம் வேறு; அது தன் கனத்தால் வீட்டைவிட ஒரு நூல் கூடுதலாகவே தரையில் அமர்ந்திருக்கும்.

1.3 மி.மீ. என்பது பெரிய தூரமா என்று கேட்பீர்கள். இறுகிய சிமெண்டுக் கலவை, இழுத்தால் தன் நீளத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீள்வதற்குள் விரிந்துவிடும். கொத்தனார் பூசிய பூச்சின் அகலம் 25 மி.மீ. அது தாங்கக்கூடிய நீட்சி 0.0025 மி.மீ. மட்டுமே! தகடு பல இடங்களில் ஆணியடித்துப் பிடிக்கப்பட்டிருப்பதால், அதன் விரிவில் பத்தில் ஒரு பங்குதான் பூச்சை வந்தடைகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், அது தாங்கக்கூடியதைப் போல ஐம்பது மடங்கு ஆகிறது. கொத்தனார் மேல் குற்றமில்லை. எந்தக் கொத்தனார் பூசினாலும் அது முதல் வெயிலிலேயே விரிந்திருக்கும்.

தகரக்காரர்

நான்காம் ஆண்டு மழைக்கு முன்பு, வீட்டுக்காரர் ஒரு வயதான தகர வேலைக்காரரை அழைத்து வந்தார். பெரியவர் முதலில் செய்த காரியம், பழைய சிமெண்டு, தார், பசை எல்லாவற்றையும் சுரண்டி எறிந்ததுதான். பிறகு புகைபோக்கியின் மேற்புறம், அதாவது கூரை முகட்டைப் பார்த்த பக்கத்தில், ஒரு தகட்டை விலக்கிவிட்டு அடியிலிருந்த கைமரத்தில் திருப்புளியைக் குத்தினார். அது பிடி வரைக்கும் இறங்கிற்று.

“இன்னும் ரெண்டு மழை தாங்காது சார்” என்றார். மரத்தை மாற்றிய பிறகே அவர் தகட்டு வேலையைத் தொடங்கினார்.

மரம் அந்தப் பக்கத்தில் உளுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் புகைபோக்கி 90 செ.மீ. அகலம். அதற்கு மேலே முகடு வரை கூரை சுமார் 3 மீட்டர். அந்தப் பட்டையில் விழும் மழை முழுவதும் சரிந்து வந்து புகைபோக்கியின் முதுகில்தான் மோத வேண்டும். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 135 லிட்டர்; ஒன்பது வாளித் தண்ணீர். ஆற்றின் நடுவே நிற்கும் பாறை போலப் புகைபோக்கி அதைத் தடுத்து நிறுத்துகிறது. தேங்கிய நீருக்கு வழி தேட நேரம் கிடைக்கிறது.

வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்தார். தென்னங்கீற்று வேய்பவர்கள் இறவாரத்தில் தொடங்கி முகட்டில் முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. முதலில் புகைபோக்கியின் கீழ்ப்பக்கத்தில் முன்தானை போல ஒரு தகடு. அதன் அடிப்பகுதி கூரைத் தகட்டின் மேல் விரிந்து படுத்தது. பிறகு இரு பக்கங்களிலும் செங்கோணத்தில் மடித்த தகடுகள். அவற்றின் ஒரு பாதி நெளியின் இரண்டு மேடுகளைத் தாண்டிப் படுத்தது. மறு பாதி செங்கல்லை ஒட்டி ஆறு அங்குலம் நிமிர்ந்து நின்றது. கடைசியாக மேல்பக்கத்தில், குதிரைச் சேணம் போல நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒரு தகடு. அதன் மேல் விளிம்பு கூரைத் தகட்டுக்கு அடியில் நுழைந்தது. ஒன்பது வாளித் தண்ணீரும் மோதி நிற்காமல் இரண்டாகப் பிரிந்து ஓட வேண்டும் அல்லவா?

இவை எல்லாம் கூரையோடு மட்டுமே பிணைந்தவை. செங்கல்லில் ஓர் ஆணிகூட இல்லை. பிறகு, செங்கல் வரிசைகளுக்கு இடையே இருந்த பழைய சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, அந்தப் பள்ளத்தில் இன்னொரு தகட்டின் விளிம்பைச் செருகி, ஆப்பு வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் மூடினார். இந்த மேல்தகடு கீழே தொங்கி, நிமிர்ந்து நின்ற கீழ்த்தகட்டின் மேல் நான்கு அங்குலம் கவிந்தது. பக்கங்களில் கூரைச் சரிவுக்கு ஏற்ப ஒவ்வொரு செங்கல் வரிசையாகப் படிப்படியாக இறங்கிற்று. இந்தத் தகட்டு வேலை முழுவதற்கும் ஆங்கிலத்தில் பிளாஷிங் என்று பெயர். மலையில் தகரக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இங்கேதான் நான் குறுக்கிட்டேன். மேல்தகடு வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. “இரண்டையும் சேர்த்து நாலு ரிவெட் அடித்துவிடலாமே, ஐயா?” என்றேன்.

“வேணாம் சார். சேத்து அடிச்சா ஒண்ணை ஒண்ணு இழுக்கும். இழுத்தா ஓட்டை பெருசாகும். அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். மேலது கீழதைப் போத்திக்கிட்டு இருந்தாப் போதும்.”

கீழ்த்தகடு கூரையுடையது, அது கூரையோடு நகரும். மேல்தகடு புகைபோக்கியுடையது, அது புகைபோக்கியோடு நிற்கும். இடையே பிணைப்பு இல்லை, கவிதல் மட்டுமே. ஒன்றின் மேல் மற்றொன்று தாராளமாக வழுக்கலாம். நீரோ கீழ்நோக்கித்தான் ஓடும். சந்தை அடைக்காமலே நீரைத் தடுத்தாயிற்று! மூன்று ஆண்டுகள் நான் யோசிக்காத விடை இது. இத்தனைக்கும் வகுப்பில் ஆண்டுதோறும் தண்டவாள இடைவெளியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான்.

பிரிஸ்டல் தேவாலயத்தில் நடந்தது

உலோகத் தகட்டை ஆணியால் கட்டிப்போட முடியாது என்பதற்கு இயற்பியல் வரலாற்றில் ஒரு நல்ல சான்று உண்டு. 1850-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத் தேவாலயத்தின் கூரையில் புதிதாகப் போட்ட காரீயத் தகடுகள், இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 அங்குலம் கீழே இறங்கிவிட்டன. யாரும் இழுக்கவில்லை, சரிவும் அப்படியொன்றும் செங்குத்தானதல்ல. தகடுகளை நிறுத்த ஆணிகள் அடித்தார்கள். தகடுகள் ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டு இறங்கின.

இதைக் கவனித்து ஆராய்ந்தவர் ஹென்றி மோஸ்லி என்ற பாதிரியார். அவர் ஒரு கணித, இயற்பியல் அறிஞரும்கூட. தனிமங்களின் அணு எண்ணை எக்ஸ் கதிர்கள் மூலம் நிறுவிய மோஸ்லியைப் பற்றி வேதியியலில் படிப்பீர்களே, அவருடைய தாத்தாதான் இவர். அவர் கண்ட விளக்கம் எளியது. வெயிலில் தகடு விரியும்போது, அதன் கீழ்ப்பகுதி கீழ்நோக்கியும் மேல்பகுதி மேல்நோக்கியும் நகர வேண்டும். கீழ்நோக்கி நகரப் புவியீர்ப்பு துணை செய்கிறது. மேல்நோக்கி நகர அதுவே தடை. எனவே விரிவில் பெரும்பங்கு கீழ்ப்பக்கம் போகிறது. இரவில் சுருங்கும்போதும் அதே ஓரவஞ்சனை: கீழ் விளிம்பு மேலே ஏறுவதைவிட மேல் விளிம்பு கீழே இறங்குவது சுலபம். ஒவ்வொரு நாளும் தகடு புழுவைப் போல நீண்டு சுருங்கி, சிறிதளவு கீழே வந்துவிடுகிறது. 1855-இல் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதியபோது, ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளும் இப்படித்தான் இறங்குகின்றன என்று அவர் வாதிட்டார். பனியாற்றைப் பற்றிய அந்த வாதம் நிற்கவில்லை. தகட்டைப் பற்றிய விளக்கம் நின்றுவிட்டது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். “ஆணியைப் பிடுங்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டை வெட்டப் போனார்.

காரீயம் அதிகமாக விரியும் உலோகங்களில் ஒன்று. பத்து லட்சத்தில் 29 பங்கு. அதனால்தான் பிரிட்டனில் காரீயப் பிளாஷிங் துண்டு எதையும் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமாகப் போடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நீளம் வேண்டுமானால் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் அங்கே காரீயத்தை விடவில்லை. மரச்சுத்தியலால் தட்டினாலே அது ஓட்டின் வளைவுக்குத் துணி போலப் படிந்துவிடும். காற்றுப் பட்டதும் மேலே ஒரு சாம்பல் நிறப் படலம் உண்டாகி உள்ளே உள்ளதைக் காக்கும். குழாய் வேலைக்காரரைப் ‘பிளம்பர்’ என்கிறோமே, அந்தச் சொல்லே காரீயத்தின் லத்தீன் பெயரான ‘பிளம்பம்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் காரீயம் நஞ்சு. அதைத் தொட்டு வேலை செய்தால் கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. அதன் மேல் ஓடி வந்த மழைநீரைக் குடிக்கவும் கூடாது. நம் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம்.

எங்கள் வீட்டில் பெரியவர் போட்டது, கூரையைப் போலவே நாகம் பூசிய இரும்புத் தகடு. அகலமான செம்புத் தகடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்க நினைத்து, நல்லவேளை, கேட்கவில்லை. துத்தநாகமும் செம்பும் ஒன்றையொன்று தொட, நடுவே மழைநீரும் இருந்தால், அது என்ன? கூரையின் மேல் ஒரு மின்கலம்! கரைந்து போவது துத்தநாகப் பூச்சாகத்தான் இருக்கும். அதன் பிறகு இரும்பு துருப்பிடிக்கும்.

நீர் மேலே ஏறுமா?

கவிந்திருக்கும் தகடுகளுக்கு இடையே நீர் மேல்நோக்கி ஏறிவிட்டால் என்ன செய்வது? ஏறத்தான் செய்யும். இரண்டு விதமாக ஏறும்.

ஒன்று, காற்று. மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று, அதாவது வினாடிக்கு 20 மீட்டர், சுவரில் மோதி நிற்கும்போது தரும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. குன்னூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகிராம். ஆக 200 பாஸ்கல். இது 2 செ.மீ. உயர நீரைத் தூக்கி நிறுத்தப் போதும்.

மற்றொன்று, நுண்புழை ஏற்றம். இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு சதுரக் கண்ணாடித் துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒன்றோடொன்று முகம் பொருத்தி, ஒரு பக்க விளிம்பில் மட்டும் நடுவே தீக்குச்சி ஒன்றை வைத்து ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். (விளிம்பு கூர்மையாக இருக்கும், கையில் கவனம்.) மை கலந்த நீர் உள்ள தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். தீக்குச்சிப் பக்கம் நீர் கொஞ்சமே ஏறும். இடைவெளி குறையக் குறைய உயரம் கூடி, அழகான ஒரு வளைகோடு தெரியும். கணக்கும் அதையே சொல்கிறது: இடைவெளி 1 மி.மீ. என்றால் ஏற்றம் ஏறத்தாழ 1.5 செ.மீ.; அரை மி.மீ. என்றால் 3 செ.மீ.; அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 15 செ.மீ. ஆகத் தகடுகள் எவ்வளவு நெருங்கிப் படிகின்றனவோ அவ்வளவுக்கு ஆபத்து. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்கும் நம் மனம் இங்கேயும் ஏமாறுகிறது.

பெரியவர் கீழ்த்தகட்டின் மேல் விளிம்பை ஒரு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து விட்டிருந்தார். தகடு விறைப்பாக நிற்பதற்காகவா என்று கேட்டேன். “அதுக்கும்தான். தண்ணி ஏறாம இருக்கவும்தான்” என்றார். அந்த மடிப்பு மேல்தகட்டைத் தள்ளி நிறுத்தி, இடைவெளியை அகலப்படுத்திவிடுகிறது. அகன்ற இடத்தில் நுண்புழை ஏற்றம் அறுந்துபோகும். நான்கு அங்குலக் கவிதல், காற்றின் 2 செ.மீ.க்கும் நுண்புழையின் 3 செ.மீ.க்கும் இடம் கொடுத்து மீதியும் வைத்திருக்கிறது.

இதன் இன்னோர் உருவம் உங்கள் பள்ளிக் கட்டடத்திலேயே இருக்கக்கூடும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக் கோடு ஓடுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊரும் நீர், அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

உலோகத் தகடு வாங்க வழியில்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஜெர்சி, கெர்ன்சி தீவுகளின் பழைய வீடுகளில், புகைபோக்கியின் பக்கத்தில் தட்டையான கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். பறந்து களைத்த சூனியக்காரிகள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்காக வைத்தவை என்று ஊரார் கதை சொல்வார்கள். உண்மையில் அவை, கூரைக்கு வைக்கோல் வேய்ந்த நாளில், சந்தின் மேல் குடை பிடித்த கற்கள். தடித்த வைக்கோல் போய் மெல்லிய ஓடு வந்தபின் கூரை கீழே இறங்கிவிட்டது. கற்கள் காரணம் தெரியாமல் மேலே நின்றுவிட்டன.

பெரியவர் வேலையை முடித்த அன்று, உட்கூரைப் பலகையில் இருந்த கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அதன் பின் ஆறு மழைக்காலங்கள் போய்விட்டன. கறை கோட்டைத் தாண்டவில்லை. அம்மா முதல் மழைக்காலம் முடியும் வரை கூடத்தை விட்டு அசையவில்லை. தை பிறந்த பிறகுதான் கட்டிலை உள்ளே போடச் சொன்னார்.

மேற்குக் காற்றோடு சாரல் அடிக்கும் நாட்களில் கணப்புக் குழியில் மட்டும் கொஞ்சம் ஈரம் தெரிகிறது. அது சந்து வழியாக வருவதல்ல. புகைபோக்கியின் திறந்த வாய் வழியாக நேரே விழுவது. அதற்குத் தகரத் தொப்பி ஒன்று போட வேண்டும். பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.